தம்பி நீட்டிய கை

விசாலத்துக்கு,

மருமகனிடம் அரிசி கொடுத்தனுப்புகிறேன். பேத்திக்குச் சளி குறைந்ததா?

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு, புற்றுநோயின் டிஎன்ஏ என் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். இந்த முறையும் ஒன்றும் இல்லை என்று வந்ததும் நீ போனிலேயே அழுதாய். தெருவுக்கு லட்டு கொடுக்கச் சொன்னாய், கொடுத்தேன்.

அந்த ரத்தம் என்னுடையதில்லை.

ரத்தம் எடுக்கிற பெண் நம் ஊர் உறுவையாற்றுக்கு வந்த அன்று, நோய் திரும்பக் கூடாது என்று நீ வேண்டிக்கொண்ட தீமிதிக்காக என் கையில் காப்பு இருந்தது. காப்போடு ரத்தம் சிந்தக் கூடாதே என்று தயங்கினேன். தேதி தவறினால் நீ திட்டுவாய் என்றும் பயம். தம்பி நவநீதன்தான், "இன்னாண்ணா, ரெண்டு வாட்டியும் நல்லாத்தான வந்துச்சு, இந்த வாட்டி நான் குடுக்கறேன்" என்று கையை நீட்டினான். அந்தப் பெண் என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது தலையையும் ஆட்டினான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு வாரமாக, பின்பக்கம் கறை படிகிற என் வேட்டியைத் தம்பி மனைவியிடம் போடாமல் நானே துவைக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

காப்பு அவிழ்த்தாயிற்று. திங்கட்கிழமை நானே போய்க் கொடுக்கிறேன். நீ கூட வா.

அந்த லட்டு நவநீதனுக்காகக் கொடுத்தது என்று வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்