என் பெயரில் விழும் பருந்துகள்

மார்ச் 17, 2007. சனி

ரெஜ்ஜோ நகரில் ஃபொர்த்துனாட்டோவின் கேமராக் கடைக்கு மறுபடியும் போனேன். அலுத்துக்கொள்ளாமல் இரண்டு கேமராக்களையும் எடுத்து வைத்தார். ஒன்று சோப்புக்கட்டி அளவு. பொத்தானை அழுத்தினால் மூக்கை நீட்டுகிறது. மற்றது லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கறுப்புப் பூதம். கழுத்தில் தொங்கவிட்டால் கன்றுக்குட்டியைச் சுமப்பதுபோல இருக்கிறது.

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"தேன்பருந்து."

"அட, உங்க ஊர்ல அதைத் துப்பாக்கியாலல்ல சுடுவாங்க!"

சிரித்தேன். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? வசந்தத்தில் ஒரு தேன்பருந்தாவது சுடாத ஆணுக்குத் தலையில் கொம்பு முளைக்குமாம். அதாவது, பெண்டாட்டி வேறொருவனோடு போய்விடுவாளாம். சட்டம் தடுத்து எத்தனையோ ஆண்டாகிவிட்டது. ஆனாலும் என் புருஷன் சான்டோ ஆண்டுக்கு ஒன்று சுடுகிறான். என் கற்புக்காக.

சின்னதையே வாங்கினேன். "ஞானஸ்நானம், கல்யாணம்னு எடுக்க இது போதாதா?" என்று சான்டோ சொன்னதால். பைக்குள் அடங்கும் என்பதாலும்.

ஏப்ரல் 20

பருந்துகள் வந்துவிட்டன. ஜலசந்தியைத் தாண்டி, சிசிலிப் பக்கமிருந்து, களைத்துப்போய், தாழப் பறந்து. மொட்டைமாடியில் நின்று முழு ஜூமில் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. ஈயா, பருந்தா?

ஏப்ரல் 24

சின்னதைத் திருப்பிக் கொடுத்து, மேலே பணம் போட்டுப் பெரியதை வாங்கிவிட்டேன். கூடவே ஒரு நீள லென்ஸ். சான்டோ கையில் தூக்கிப் பார்த்தான். "இதுக்கு லைசென்ஸ் வேணாமாடி?"

ஏப்ரல் 29. ஞாயிறு

காலையிலிருந்து மலை முழுக்க வெடிச்சத்தம். பெரிய கேமராவில் பருந்தின் கண் தெரிகிறது. மஞ்சள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மடங்கிச் சுழன்று எங்கள் மாடியில், காயப்போட்ட துணிகளுக்குள் வந்து விழுந்தது. உயிரோடு. ஒரு சிறகு தொங்க, என்னைப் பார்த்துச் சீறியது.

கொழுந்தன் கோசிமோ படிகளைத் தாவி ஏறி வந்தான். துப்பாக்கி தோளில். டிசம்பரில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆனது.

"தொடாதீங்க அண்ணி! அது என்னுது!"

காலைப் பிடித்துத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் அடித்தான். மறுபடியும். மறுபடியும். கொடியில் கிடந்த சான்டோவின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. என் விரல் தானாகக் கேமராப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.

"படமா எடுத்தீங்க?"

"இல்ல."

ஏன் பொய் சொன்னேன்? அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

மே 2

எங்கள் கதவில் பருந்தின் சிறகு ஒன்றை ஆணியடித்திருக்கிறார்கள். இனிப் படம் எடுக்காதே என்று அர்த்தம். சான்டோ தண்ணீர் பாட்டில் ஏற்றும் வேனின் டயர்கள் எல்லாம் கிழிந்து கிடக்கின்றன.

மே 3

சான்டோ கத்தினான். "சின்னதையே வெச்சிருந்தா எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்? நாம மாடில பீரங்கி வெச்சிருக்கோம்னு ஊரே பாக்குது! வித்துத் தொலை!"

"மாட்டேன்."

தட்டு சுவரில் போய் உடைந்தது. என்மேல் எறியவில்லை. என்மேல் படாமல்தான் எறிந்தான். அதற்கு நான் நன்றி சொல்லணுமா என்ன?

மே 8

 இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நேற்று மதுக்கடையில் கோசிமோவைக் கேலி செய்திருக்கிறார்கள். அந்தப் பருந்தைச் சுட்டது வேறொருவனாம், இவன் வெறுமனே பொறுக்கினானாம். "பொறுக்கினவனுக்குக் கொம்பு ரெட்டிப்பா முளைக்கும்டா!" என்று ஒருவன் தலையில் இரண்டு விரலை வைத்துக் காட்டினானாம். கோசிமோ அவனை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி டீனாவை அடித்திருக்கிறான்.

காலையில் டீனா என் வாசலில் நின்றாள். தாடை வீங்கி, உதடு கிழிந்து, கழுத்தில் ஐந்து விரலும் பதிந்து. "யாரவன்? யாரவன்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். இருபத்திரண்டு வயதுப் பெண். "யாருமே இல்லைக்கா" என்று என்னிடமும் சத்தியம் செய்தாள். என்னிடம் எதுக்குடி சத்தியம்?

போலீஸுக்குக் காட்டப் படம் எடுத்துவிடலாம் என்றேன். குளியலறையில் முடியவில்லை. இந்த லென்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகாது. பின்னால் நகரச் சுவர் விடவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு எதிர்மூலைக்குப் போனேன்.

"அக்கா, அவ்ளோ தூரத்துல இருந்து தெரியுமா?"

"உன் கண்ணிமை மயிர்கூடத் தெரியும். அசையாத."

எடுத்துக்கொண்டிருக்கும்போதே தெருவிலிருந்து அவன் குரல். "அண்ணி! எம் பெண்டாட்டியக் கீழ அனுப்புங்க!"

"போலீஸோட வந்து கூட்டிக்கிட்டுப் போ!"

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? படியேறி வந்துவிட்டான். துப்பாக்கியோடு. கீழே பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்த சான்டோ பின்னாலேயே ஓடிவந்து குழலைப் பிடித்தான். "குடுத்துடுடா தம்பி, குடுத்துடு..." அண்ணனும் தம்பியும் தரையில் உருண்டார்கள். வெடித்தது.

சான்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம். கோசிமோ எழுந்து டீனாவின் பக்கம் திரும்பினான். நான் கேமராவை வாரோடு சுழற்றி அவன் காதோரம் அடித்தேன். முழு பலத்தோடு. எலும்பு உடைகிற சத்தமா, லென்ஸ் உடைகிற சத்தமா, தெரியவில்லை. விழுந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். டீனா வந்து என் கையைப் பிடிக்கும்வரை அடித்தேன்.

மே 10

சான்டோவின் இடது கண் போய்விட்டது. கோசிமோவைக் காவலர்கள் கொண்டுபோய்விட்டார்கள், தலையில் கட்டோடு. கேமரா நொறுங்கிவிட்டது. மெமரி கார்டு மட்டும் பிழைத்தது.

மே 15

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் என் காலடியில் துப்பினாள். "படம் பிடிச்சே குடும்பத்தை அழிச்சிட்டியே!"

அதைவிடக் கொடுமை, சான்டோ காவலரிடம் சொன்னது. கால் தடுக்கியதாம், துப்பாக்கி தானாக வெடித்ததாம்.

"கண்ணைத் தொலைச்சது நீ!"

"அவன் என் தம்பிடி."

"அப்ப டீனா யாரு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். போடா. நீயும் உன் தம்பியும்.

மே 26

சான்டோ வீட்டுக்கு வந்துவிட்டான்.  

ஜூன் 3

சாப்பிட்டு முடித்ததும், "அந்தப் படங்களைக் காட்டு" என்றான். கம்ப்யூட்டரில் போட்டேன். ஒற்றைக் கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் டீனாவின் கழுத்தைப் பார்த்தான். ஐந்து விரல். பிறகு என்னைக் கேட்காமலே முந்தைய படங்களுக்குப் போனான். கோசிமோ, சுவர், பறவை, அந்தச் சிரிப்பு. நெடுநேரம் அதிலேயே நின்றான்.

"சின்ன வயசுல அவனுக்குக் குறி பாக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

அப்புறம் எழுந்து சட்டை மாற்றினான். "வண்டிய நீ ஓட்டு. போலீஸ்ல நான் சொன்னதைத் திருத்தணும்."

செப்டம்பர் 22

ஃபொர்த்துனாட்டோ மறுபடியும் இரண்டையும் எடுத்து வைத்தார். "இனிமே சின்னது போதும்ல?" தயங்கித்தான் கேட்டார், நல்ல மனிதர்.

யோசித்தேன், உண்மையாகவே. சின்னது பைக்குள் ஒளியும், ஒருவருக்கும் தெரியாது. பெரியது தெருமுனையிலேயே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுக்கட்டும். பெரியதைத்தான் வாங்கினேன், பழையது, ஒருவர் வைத்திருந்து விற்றது. டீனா தன் முதல் சம்பளத்தில் சின்னதை வாங்கிக்கொண்டாள். ஜலசந்திக்கு அந்தப் பக்கம் மெஸ்ஸினாவில் தங்கப் போகும் அறையைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

ஏப்ரல் 27, 2008. ஞாயிறு

பருந்துகள் தாழ வந்தன. சான்டோ மாடிக்கு வந்தான், அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக. கடையிலிருந்து வரும் வழியில் எவனோ பின்னாலிருந்து கொம்பு காட்டினானாம்.

"நீ என்ன சொன்ன?"

"ரொட்டி ஆறிடும்னு வந்துட்டேன்."

எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். கேமராவை அவன் வலது கண்ணில் வைத்து, முழங்கையைச் சுவரில் ஊன்றச் சொன்னேன். அப்போது மேட்டிலிருந்து ஒரு வெடிச்சத்தம். அவன் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. உதடு வெளுத்துவிட்டது. உள்ளே போகலாமா என்றேன்.

"இரு" என்றான். "இன்னொரு பருந்து வருது."