மெதுவான மோட்டார்

ஜனவரி 14, ஞாயிறு

டெர்பி நகரில் நடந்த ரோபோச் சண்டைப் போட்டியில் தோற்றோம். எதிராளி எங்களைத் தொடவே இல்லை. எங்கள் ரோபோ டம்ப்ளிங் தானாகவே ஒரு சுவரில் மோதி, திரும்பி, எதிர்ச் சுவரிலும் மோதி, கடைசியில் களத்தின் மூலையில் இருக்கும் குழியில் விழுந்தது. விழுந்தால் ஆட்டம் முடிந்தது. சக்கர மோட்டார் இரண்டும் கருகிவிட்டன.

ரிமோட் நார்மன் கையில் இருந்தது. நார்மன் என் முன்னாள் மாமனார். கிரெக்கும் நானும் பிரிந்தபோது அவன் காரை எடுத்துக்கொண்டான், நாயை எடுத்துக்கொண்டான். அப்பாவை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான். வியாழன்தோறும் அவர் சால்டரிங் ராடோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு சண்டை ரோபோவை ஓட வைப்பதுதான் எங்களுக்குள் மிச்சமிருக்கும் உறவு.

"மோட்டாருக்கு வேகம் பத்தல," என்றார் வரும் வழியில்.

வேகம் பத்தாமலா சுவரில் மோதியது?

ஜனவரி 18, வியாழன்

அவருக்கு பிரஷ்லெஸ் மோட்டார்தான் வேண்டுமாம்.

"எடை கம்மி, வேகம் ரெட்டிப்பு. மிச்சமாகுற எடைக்கு, முன்னாடி சுழன்று அடிக்கிற உருளையை இன்னும் கனமாப் போட்டுக்கலாம்மா."

கணக்கு சரிதான். ஆனால் அந்த வகை மெதுவாகப் போகச் சொன்னால் திக்கும், பிறகு தாவும். விரல் கொஞ்சம் பிசகினால் போச்சு. நார்மன் விரல் கொஞ்சமாகப் பிசகுவதில்லை. தேநீர்க் கோப்பையைத் தட்டோடு எடுப்பதை எப்போதோ விட்டுவிட்டார். தட்டு சத்தம் போடுகிறது.

பழைய வகை கனமானது, மெதுவானது. ஆனால் இழுவை அதிகம். கை நடுங்கினாலும் நேராகப் போகும்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை.

ஜனவரி 20

மெதுவானதை வாங்கிவிட்டேன். கேட்டால் — மற்றது தீர்ந்துபோச்சு.

பிப்ரவரி 1, வியாழன்

சமையலறைத் தரையில் ஓட்டிப் பார்த்தார். மேசைக் கால்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி போனது. ஃப்ரிட்ஜைச் சுற்றி வந்தது. இன்னொரு முறை சுற்றினார். ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அது ஒண்ணும் தீர்ந்துபோகல. நானும் கடையில பார்த்தேன்."

நான் ரோபோவைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என் கைக்காக வாங்கினியா?"

"ஆமா."

சீஸ் வைத்த ஓட்ஸ் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினார். பொத்தான் போட நேரமாயிற்று. நான் கிட்டப் போகவில்லை. போயிருக்கணுமோ? போயிருந்தா இன்னும் மோசமோ? என்ன பண்றதுன்னே தெரியல. அந்த மனுஷன் முகத்தப் பார்க்க முடியல.

பிப்ரவரி 8, வியாழன்

வரவில்லை.

பிப்ரவரி 11

கிரெக் போன் செய்தான்.

"அப்பாகிட்ட என்ன சொன்னே, ரோவினா?"

"மோட்டார் பத்திப் பேசினோம்."

"டாக்டரப் பார்க்கப் போறாராம். மூணு வருஷமா நான் தலைகீழா நின்னேன். அசையல மனுஷன். நீ மோட்டார் பத்திப் பேசினியாம்."

வைத்துவிட்டான்.

ஏப்ரல் 25, வியாழன்

நார்மன் வந்தார். போன வாரமும் வந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டார். பார்க்கின்சன்ஸாம். மாத்திரை தந்திருக்கிறார்கள்.

"கை நடுங்குறத எப்ப முதல்ல கவனிச்சீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. மருமக மெதுவான மோட்டார் வாங்கினப்பன்னு சொன்னேன். அப்படியே எழுதிக்கிட்டாங்க."

"மருமகளா?"

"முன்னாள்னு சொன்னா விளக்கணும்மா. பத்து நிமிஷம்தான் குடுக்கிறாங்க."

பிறகு திருகுகளை இறுக்கினோம். அவர் பிடித்துக்கொண்டார், நான் இறுக்கினேன்.

ஜூன் 9, ஞாயிறு

அடுத்த போட்டி. இரண்டாம் சுற்றில் எதிரே கிரெக்கின் ரோபோ 'வாள்மீன்'. முதல் அடியிலேயே எங்கள் உருளை பெயர்ந்து பறந்தது. ஆயுதம் இல்லை. நார்மன் நிதானமாக வாள்மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். அதன் சக்கரங்கள் சுழன்றன, பிடிக்கவில்லை. களத்தின் முழு நீளத்துக்கும் தள்ளினார். ஒரே கோடு. குழி.

கிரெக் எங்கள் மேசைக்கு வந்தான். அப்பாவின் கையை முதலில் பார்த்தான், பிறகு ரோபோவை.

"என்ன மோட்டார்ப்பா அது?"

"மெதுவானது. இதவிட மெதுவாவும் ஒண்ணு இருக்கு. அடுத்த வருஷத்துக்கு அது தேவைப்படும்."

கிரெக் ரோபோவைப் புரட்டிப் பார்த்தான். "நான் வாங்கித் தரேன்."

"வேணாம். நீ எதிரணி. ரோவினா வாங்குவா."

ஜூன் 10

வாங்கிவிட்டேன். இரண்டு ஜோடி, அதற்கடுத்த வருஷத்துக்கும் சேர்த்து.