மழையில் மறித்தவர்

என்னங்க,

சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

நேற்று மழையில் மாற்றுப்பாதைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மறித்த டாக்சிகளில் ஒன்றில் நான் இருந்தேன். பின் சீட்டுக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெரிய பெட்டியோடு.

டிரைவர் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். நீங்கள் குனிந்து, "கோச்சுக்காதீங்கண்ணே, பாலம் உள்வாங்கிடுச்சு. சுத்திப் போனாலும் பத்திரமாப் போயிடலாம்" என்றீர்கள். அவர் திட்டிக்கொண்டேதான் வண்டியைத் திருப்பினார். அடுத்த வண்டிக்காரரும் கத்தினார். அவரிடமும் அதே பொறுமை. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவராகவே திரும்பி, தொட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த அன்று, "ஆண்டவர் காரணமில்லாம வழிய மறிக்க மாட்டார்" என்றீர்கள். அன்றிலிருந்து நான் ஜெபிக்கவில்லை. உங்களிடம் சரியாகப் பேசவும் இல்லை. கல்நெஞ்சுக்காரர் என்றே நினைத்துவிட்டேன்.

சுற்றுப்பாதை நம் தெரு வழியாகத்தான் போனது. வாசலில் இறங்கிவிட்டேன். துணிகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன.

நமக்கு எந்தப் பாலம் உள்வாங்கியிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. அதைக் கேட்டு ஆண்டவரிடம் சண்டை போடத்தான் போகிறேன். ஆனால் மறிக்கிறவரும் மழையில் நனைந்துகொண்டுதான் நிற்கிறார் என்பதை நேற்றுப் பார்த்துவிட்டேன்.

உங்கள் மழைக்கோட்டின் கிழிசலைத் தைத்து வைத்திருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றி வந்து சேர்ந்த
உங்கள் மனைவி