கன்னிமார் படத்தில் உன் கை

இன்று சனிக்கிழமை. பல்லடம் சாலையில் போகும் கறிக்கோழி வண்டி ஒன்று என் வீட்டுக்கு எதிரே நின்றுவிட்டது. இறகும் எச்சமும் கலந்த வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்ததும் தூரிகையைக் கீழே வைத்தேன். ஜன்னலைச் சாத்திய பிறகும் அதை மறுபடி எடுக்கவில்லை. நீ போனதிலிருந்து எனக்குச் சனிக்கிழமையும் கோழி வாடையும் ஒத்துக்கொள்வதில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன். இந்தக் கிழவிக்கா பயம் என்று சிரிப்பார்கள். உனக்கு எழுதினால், நீ யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாய்?

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் நாம் ஏழு பேர். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் தேடுவது வேலை. ஆறு பேர் இந்தப் பக்கத்துக்காரிகள். நீ ஒருத்திதான் சங்கரன்கோவில் பக்கமிருந்து புருஷனோடும் மகனோடும் பிழைக்க வந்தவள். வந்த வாரமே என்னைக் கேலி செய்தாய்.

"எதுக்கெடுத்தாலும் 'ங்க' போடுதியேக்கா. கோழியக் கூப்பிடணும்னாலும் 'வாங்க'ன்னுதான் கூப்பிடுவியா?"

"ஆமாங்க" என்றேன். மேசையே சிரித்தது.

படம் வரைய எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரிண்டிங் பட்டறையில் டப்பாவின் அடியில் மிஞ்சும் சாயத்தைக் கேட்டு வாங்கி, கழித்துப்போட்ட பனியன் துணியைப் பலகையில் ஒட்டி, நானாக வரைந்தேன். கருப்பராயன், மாகாளி, மண்குதிரை. காலேஜில் படித்தவர்கள் இதையே வரைந்தால் நவீன ஓவியம். நான் வரைந்தால் கைவேலை என்று கண்காட்சியில் வாசலோரம் மாட்டுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நொய்யல் கரையிலிருக்கும் கன்னிமார் கற்களை வரைய உட்கார்ந்தபோது நீ பக்கத்தில் இருந்தாய். மஞ்சள் பூசிய ஏழு கல். முகம் கிடையாது.

"கல்லுக்கும் மூஞ்சி உண்டுக்கா. நாம பாக்கல, அவ்வளவுதான்."

ஏழு கல், மேசையில் ஏழு பேர். நம் முகங்களையே வைத்துவிட்டேன். "நாலு பெத்தவளும் பேத்தி எடுத்தவளும் கன்னியாக்கும்? சாமியே சிரிச்சிரும்" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து அந்த வாரம் ஆறு எந்த நிறத்தில் ஓடியதோ, அந்த நிறத்தையே சேலைகளுக்குக் கொடுத்தேன். கத்தரிப்பூ நிறம்.

படத்தில் எல்லோரையும் கைகோத்து நிறுத்தியதற்குக் காரணம் தரைப்பாலம். ஒரு மழைநாளில் வேலை விட்டுத் திரும்பும்போது பாலத்தை மூடிக்கொண்டு சாயக்கழிவு நுரை, இடுப்புயரத்துக்கு. கால் வைக்கும் இடம் பாலமா ஆறா என்று தெரியவில்லை. நான் நின்றுவிட்டேன். நீ என் வலது கையைப் பிடித்தாய். "இழுத்தா ரெண்டு பேரையும் சேர்த்து இழுக்கட்டும். கைய மட்டும் விட்டுராத." அன்று எனக்குத் தைரியம் கொடுத்த பேச்சு அது.

பிறகு நீ காய்ச்சலென்று லீவு போட்டாய். ஒரு சனிக்கிழமை காலையில் போய்விட்டாய்.

சனிக்கிழமை போகிறவர்கள் துணைக்கு இன்னொருவரைக் கூப்பிடுவார்கள் என்று பாடையில் கோழி கட்டி அனுப்புவது உங்கள் ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு. மேசையில் உனக்கு அடுத்து நிற்கும் தெய்வானை ஒரு கோழியோடு ஓடி வந்தாள். உன்னைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வந்த வேன் டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கோழியெல்லாம் ஏத்த முடியாதுங்க. வண்டி நாறிப் போயிரும்" என்று கதவை அடைத்தான். உன் புருஷன் அழுதுகொண்டே முன் சீட்டில் ஏறினார். வேன் போய்விட்டது. தெய்வானை கையில் கோழி கத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் மேசையருகிலேயே மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் ஓவர்டைம் பார்த்ததால் என்றார் டாக்டர். யார் நம்பினார்கள்? மறுநாள் ஐந்து பேரும் என் வாசலில்.

"அக்கா, படத்துல அவ மூஞ்சிய அழிச்சுப் போடுங்க" என்றாள் தெய்வானை.

"மாட்டேன். போய்ப் பொழப்பப் பாருங்க."

"உங்களுக்கு உசுரு வேண்டாமுன்னா உடுங்க. எங்களுக்குப் புள்ளைக இருக்குதுங்க. அந்தப் பக்கம் அவ புடிச்சிருக்கறது என்ற கை. இந்தப் பக்கம் உங்க கை. மொதல்ல ஆரக் கூப்புடுவான்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

"கூப்புட்டா நான் போய்க்கறேன்" என்றேன். குரல் உறுதியாகத்தான் வந்தது. அவர்கள் போனதும் பட்டப்பகலில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். திருப்பிய பிறகு அதைவிடப் பயமாக இருந்தது. பின்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரியவில்லை. சேர்த்து இழுக்கட்டும் என்று நீ சொன்னது அந்த வெறும் வீட்டுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

உன் முகத்தை அழிக்க என்னால் முடியாது. பிளேடை எடுத்து தெய்வானையின் விரல்களை உன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். அவளுக்கும் உனக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. ஆனால் நீட்டியபடி நின்ற உன் வெறுங்கையைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. அது யாரையோ தேடுவதுபோல் இருந்தது. அந்தக் கையில் ஒரு கோழியை வரைந்தேன். செவலைப் பெட்டை. கொண்டைக்குச் சிவப்பு வைக்கும்போது என்னையறியாமல் "வாங்க" என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு நம் கைகள். பிளேடைப் படத்திலிருந்த என் சுண்டுவிரலில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. அதற்குமேல் முடியவில்லை. நுரைக்கு நடுவில் நீ விடாத கையை வீட்டுக்குள் உட்கார்ந்து நான் எப்படி விடுவேன்?

தெய்வானை வந்து பார்த்தாள். கோழியைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. "இப்பச் செரிங்க" என்றவள், மறுபக்கம் பார்த்துவிட்டு, "உங்க கை?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

கோயமுத்தூர்க் கண்காட்சியில் இந்தப் படத்தை உள்ளே, நடுச்சுவரில் மாட்டினார்கள். ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, கோழி எதற்குக் குறியீடு என்று கேட்டார். கோழிதானுங்க என்றேன். கைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

வண்டி போய்விட்டது. வாடை மட்டும் இருக்கிறது. கடைக்குப் போக வேண்டும். சனிக்கிழமைகளில் சாலையைக் கடக்கும்போது வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். நடுச்சாலையில் லாரிச் சத்தம் கேட்டதும் அது தானாக வெளியே வந்து, நீ நடக்கும் பக்கமாக விரல்களை விரித்துவிடுகிறது.