வாழைப்பழம் கொண்டுவராத ஆய்வாளரை அனுப்பக் கோரி

அனுப்புநர்
லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர்
(மீட்பு இல்லத்தை நடத்தும் கால்நடை மருத்துவரின் தம்பி),
காயமுற்ற வனவிலங்கு மீட்பு இல்லம்,
பழைய நீரேற்று நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்
உயர்திரு வனவிலங்கு அலுவலர் அவர்கள்,
விடுவிப்புப் பிரிவு, இரண்டாம் மாடி.

பொருள்: குணமடைந்த ஆண் மரநாயைக் காட்டில் விடுதல் – இரண்டு ஆய்வுகளில் தகுதி மறுக்கப்பட்டது – இறுதி ஆய்வை வேறு நபரைக் கொண்டு வேறு நேரத்தில் நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை என் அக்கா எழுதியிருந்தால் பணிவாக இருந்திருக்கும். அவர் ஏற்கெனவே பணிவாக எழுதிப் பார்த்துவிட்டார். "பரிசீலனையில் உள்ளது" என்று தங்கள் அலுவலகமும் பணிவாகப் பதில் எழுதிவிட்டது. எனவே இம்முறை நான்.

1. மேற்படி மரநாய் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பொய்க்கூரையைப் பிய்த்துக்கொண்டு, கீழே கூட்டம் நடந்துகொண்டிருந்த மேசை மேல் விழுந்தது. பின்னங்கால் முறிந்தது. அக்கா தகடு வைத்துத் தைத்தார். எலும்பு கூடிவிட்டது. இன்று அந்தக் காலை எக்ஸ்ரே இல்லாமல் அடையாளம் காட்ட அக்காவாலேயே முடியாது. ஆக, மருத்துவ வகையில் எந்தத் தகராறும் இல்லை.

2. முதல் ஆய்வுக்குத் தங்கள் ஆய்வாளர் காலை பதினொரு மணிக்கு வந்தார். மரநாய் தூங்கிக்கொண்டிருந்தது. "சுறுசுறுப்பு இல்லை, தகுதியில்லை" என்று எழுதினார். மரநாய் இரவில் நடமாடும் விலங்கு என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் படிவத்துக்குத் தெரியாது. இருட்டிய பிறகு வந்து பாருங்கள் என்று அக்கா கேட்டதற்கு ஆய்வாளர் சொன்னது: "ராத்திரியில எங்களுக்கு டூட்டி கிடையாதுங்க டாக்டர். நீங்க அதைப் பகல்ல முழிச்சிருக்கப் பழக்கிடுங்களேன்." அக்கா உள்ளே போனார். வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

3. இரண்டாம் ஆய்வுக்கு ஆய்வாளர் ஒரு யோசனையோடு வந்தார். யோசனை அவர் சட்டைப் பையில் இருந்தது. வாழைப்பழம். கூண்டுக்குள் போய் உரித்து நீட்டினார். வாசனைக்கு மரநாய் கண்ணைத் திறந்தது, இறங்கி வந்தது, தின்றது. "சுறுசுறுப்பு: திருப்தி" என்று எழுதினார். அதே கையால், அதே பேனாவால், அடுத்த வரியில் "மனிதரைக் கண்டு அஞ்சவில்லை, தகுதியில்லை" என்றும் எழுதினார். விதி ஏழின்படி, மனிதரைக் கண்டதும் விலங்கு விலகி ஒளிய வேண்டும். விதி சரியானதே. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பழத்தை நீட்டிக்கொண்டே அதைச் சோதித்ததில்தான் மறுப்பு. நான் லிஃப்ட் பிரேக்கைச் சோதிக்கும்போது அதைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

4. அந்த அச்சத்தைக் காப்பாற்ற இந்த இல்லத்தில் நாங்கள் படும் பாடு தங்கள் படிவத்தில் எங்கும் வராது. உணவு சுவரில் பதித்த குழாய் வழியாகத்தான் உள்ளே விழும். கொடுத்தது யார் என்று அதற்குத் தெரியாது. கூண்டுப் பக்கம் போகும்போது முகத்தில் சாக்குத்துணி. பேச்சு கிடையாது, கைஜாடை மட்டுமே. ஊரிலிருந்து வந்த அம்மா ஒரு நாள் முழுக்க இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். ஒரு தடவை குழாய் அடைத்துக்கொண்டதால் நான் உள்ளே கைவிட நேர்ந்தது. மரநாய் கட்டைவிரலைக் கடித்துக் குதறிவிட்டது. அக்கா தையல் போட்டபடியே சந்தோஷப்பட்டார். காட்டு விலங்கு என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே சான்றிதழ் அந்தத் தழும்புதான். நேரில் வந்து காட்டத் தயார்.

5. இரண்டாம் ஆய்வுக்குப் பிறகு "தொடர் கண்காணிப்பு" என்று ஆய்வாளர் அடிக்கடி வரலானார். விதி அதை அனுமதிக்கிறது. கூண்டின் மாற்றுச் சாவியும் விதிப்படி அவரிடமே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழம். பெயர்கூட வைத்துவிட்டார்: "மாப்ளே." இப்போது நிலைமை இது. என் பைக் சத்தம் கேட்டால் மரநாய் உச்சிக்கிளைக்கு ஓடுகிறது. ஆய்வாளர் பைக் தெருமுனையில் திரும்பும்போதே நட்டநடுப் பகலில் விழித்து, இறங்கி, கதவருகே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஊரில் அது அஞ்சாத ஒரே மனிதர், அது மனிதருக்கு அஞ்சுகிறதா என்று எழுத வேண்டியவர்.

6. கூண்டில் நான் பொருத்திய கேமராவின் பதிவுகளைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். மரநாய் இரவெல்லாம் கயிறு விட்டுக் கயிறு தாவுவதும், பூச்சி பிடிப்பதும், வேலிக்கு வெளியே யார் நடந்தாலும் மறைவதும் அதில் தெளிவாக உள்ளன. "ஆய்வாளர் நேரில் காண்பதே செல்லும்" என்று பதில் வந்தது. ஆய்வாளர் நேரில் வந்தால் அது காண்பிக்காது என்பதுதான் ஐயா பிரச்சினையே.

7. இறுதி ஆய்வு அடுத்த வாரம். அதிலும் தவறினால் "காட்டுக்கு ஏற்றதல்ல" என்று முத்திரை குத்தி, ஆயுள் முழுக்க விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்ப வேண்டுமாம். மனிதரோடு பழகிவிட்டது என்பது குற்றம். அதற்குத் தண்டனை, தினமும் ஊரே வந்து கம்பியைத் தட்டிப் பார்க்கும் கூண்டு. இதை யோசித்தவர் மனிதரோடு அதிகம் பழகாதவராக இருக்க வேண்டும்.

8. இந்தப் பத்தியை எழுத வேண்டாம் என்றார் அக்கா. எழுதாமல் விட்டால் காரணம் விளங்காது. சென்ற வாரம் ஒரு விடுமுறை நாளில், நாங்கள் இருவரும் வெளியே போயிருந்தபோது ஆய்வாளர் வந்திருக்கிறார். சீருடை இல்லை. கூண்டுக்குள் போகவில்லை. வெளியே தரையில் கம்பியோரம் உட்கார்ந்தார். மரநாய் இறங்கி வந்து உள்பக்கம் படுத்தது. வெகுநேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். கிளம்பும்போது அவர் சொன்னது கேமராவில் கேட்கிறது: "நீ போயிட்டா எனக்கு இந்தப் பக்கம் என்னடா வேலை?" முதலில் நான் சிரித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. விலங்கு மனிதரிடம் பாசம் வைத்துள்ளதா என்று கேட்கத் தங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தைக் கேட்கக் கட்டம் இல்லை.

முதுகுக்குப் பின்னால் எழுதுவது என் வழக்கமில்லை. இந்தப் பத்தியை ஆய்வாளரிடமே படிக்கக் கொடுத்தேன். முதல் வரைவில் "அன்றும் பழம் கொடுத்தார்" என்று எழுதியிருந்தேன். நின்றபடியே படித்து முடித்து, அதை மட்டும் அடிக்கச் சொன்னார். "அன்னிக்கு நான் வெறுங்கையோடதான் வந்தேன் தம்பி." பதிவைப் பார்த்தேன். உண்மை. பழம் இல்லாமலே மரநாய் அவரிடம் இறங்கி வந்திருக்கிறது. அந்தத் திருத்தம் எங்கள் மனுவுக்கு எவ்வளவு பாதகம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அடித்துவிட்டேன். அவர் மீது நடவடிக்கை எதுவும் கோரவில்லை. எடுத்தால் அதை எதிர்த்து எழுதப்போவதும் நான்தான்.

9. ஆகவே ஐயா, இறுதி ஆய்வுக்கு மரநாய் இதுவரை பார்த்திராத ஒருவர், பொழுது சாய்ந்த பிறகு, பழம் இல்லாமல் வர வேண்டும். தாங்களே வந்தால் மிகவும் நல்லது. தங்களைக் கண்டால் அது தலைதெறிக்க ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை மரியாதையோடுதான் சொல்கிறேன்.

தகுதி கிடைத்தால், காட்டில் விடும் இடத்துக்கு ஆய்வாளரையும் அழைத்துச் செல்ல வேண்டும். வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

கடைசியாக ஒன்று. விட்ட விலங்கு பிழைத்திருக்கிறதா என்று மாதாமாதம் அந்தக் காட்டோரம் போய்ப் பார்த்து வர விதி பன்னிரண்டு சொல்கிறது. அந்த வேலைக்கு யாரும் முன்வருவதில்லை என்று அறிகிறேன். அதை ஆய்வாளருக்கே கொடுக்க வேண்டுகிறேன். அவருக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கட்டும். என்றாவது ஒரு நாள் அவரைக் கண்டதும் அது புதருக்குள் ஓடி மறைந்தால், "மனிதரைக் கண்டு அஞ்சுகிறது, திருப்தி" என்று அவரே தம் கையால் எழுதட்டும்.

நல்ல முடிவையும், அது அடுத்த வாரத்துக்குள் வருவதையும் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
மருத்துவரின் தம்பி

இடம்: மீட்பு இல்லம்
நாள்: இறுதி ஆய்வுக்கு முந்தைய திங்கட்கிழமை

இணைப்பு: இரவு நேரக் கேமராப் பதிவுகள். விடுமுறை நாள் பதிவு இணைக்கப்படவில்லை. அதன் ஒரே பிரதியை ஆய்வாளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.