அப்பாவின் விரலும் இரண்டாவது மருந்தும்

மார்ச் 4
அப்பாவுக்குக் கீமோவின் ஆறாவது சுற்று முடிந்தது. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின். இரண்டு பெயர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர் போல இப்போது சாதாரணமாகச் சொல்கிறோம். பித்தநாளத்துக் கட்டி வளரவில்லை. கல்லீரலுக்குப் பரவியதும் அப்படியே இருக்கிறது. அக்கா மருத்துவமனை வாசலிலேயே அழுதாள். "நல்ல சேதிக்கே இவ்ளோ அழுதா எப்படி?" என்றார் அப்பா.

மார்ச் 5
மழை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11
அப்பா வேலை பார்க்கும் அச்சகத்தின் மேலாளர் போன் செய்தார். அப்பாவிடம் கொடுக்க வேண்டாம் என்றார். "அண்ணன் பாத்து அனுப்புன அறிவியல் புத்தகத்துல ஏழு தப்பு விட்டுப் போயிருக்கும்மா. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."
அது குறை சொல்லும் குரல் இல்லை. பயந்த குரல்.
அப்பாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரெயில் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். புள்ளிகளைத் தடவித் தவறு கண்டுபிடிக்கும் வேலை.

மார்ச் 12
அறை வாசலில் சத்தமில்லாமல் நின்றேன். அவருடைய ஆள்காட்டி விரல் ஒரே வரியில் நான்கு முறை போனது. பிறகு நகத்தால் விரல் நுனியைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.
"எப்போலேருந்துப்பா?"
திடுக்கிட்டார். "மூணாவது சுத்துலேருந்து. கையுறை போட்ட மாதிரி இருக்கு."
"மரத்துப் போகுதான்னு டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டாங்களே?"
"சொன்னா நிறுத்திடுவாங்க. வேலை செய்யற மருந்த நானே கெடுத்துக்கணுமா?"
டாக்டரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 18
சொல்லிவிட்டேன். விரலை மரக்கச் செய்தது சிஸ்பிளாட்டின்தானாம். அதை நிறுத்திவிட்டார்கள். இனி ஜெம்சிடபின் மட்டும். வீடு வந்ததும் அப்பா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 20
கட்டி வளர்ந்திருக்கிறது.
நான் சொன்னதாலா?
டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அந்த மருந்த பொதுவா எட்டு சுத்தோட நிறுத்திடுவோம்மா. இது என்னைக்காவது நடக்கறதுதான்." நம்புகிறேன். நம்பாமலும் இருக்கிறேன்.

மே 23
டாக்டரின் அறை. கட்டியின் மரபணுச் சோதனையில், குறிவைத்துத் தாக்கும் மருந்து கொடுக்கும்படி எதுவும் அகப்படவில்லை. மிச்சம் இரண்டு வழிகள். ஒன்று ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்தது. இந்தக் கட்டத்தில் வழக்கமாகக் கொடுப்பது அதுதான், ஆதாரமும் கூடுதல். ஆனால் விரல் இன்னும் மரத்துப்போகும். மற்றது இரினோடிகான் சேர்ந்தது. வயிற்றைப் படுத்தும், முடி கொட்டும், விரலை அவ்வளவாகத் தொடாது. எதை எடுத்தாலும் பேச்சு மாதக் கணக்கில்தான்.
"ஆதாரம் இருக்கறதையே குடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "விரலா முக்கியம், உயிரா?"
"சார் என்ன நினைக்கறாருன்னு கேப்போமே."
அப்பா அவசரப்படவில்லை. "கட்டி வளருதா இல்லையான்னு நீங்க ஸ்கேன்ல பாக்கறீங்க. நான் எதப் பாக்கணும்னாலும் இந்த விரல்தான். ரெண்டாவது மருந்தப் போடுங்க."
"முடி போயிடும் சார்."
"போகட்டுமே. நான் என்ன கண்ணாடியா பாக்கப் போறேன்?"
டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

காரில் அக்கா: "நீதான்டி ஏத்தி விட்டிருக்க." ஏற்றிவிடவில்லை. ஆனால் அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது — ஏன்? எத்தனை மாதம் என்பது பெரிதா, எப்படிப்பட்ட மாதம் என்பதா? தெரியல. எனக்கு மட்டும் அப்பா வேணாமாக்கா?

ஜூன் 2
அக்கா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். பத்து நாளாகப் பேச்சில்லை.

ஜூன் 24
வயிறு அப்பாவைப் பாடாய்ப்படுத்துகிறது. தலையணை முழுக்க முடி. விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கையுறை கொஞ்சம் மெலிசா ஆன மாதிரி இருக்கு. அது என் ஆசையாவும் இருக்கலாம்."

ஜூலை 30
மருந்தேற்றும் அறை. அக்காவும் வந்தாள். நெஞ்சில் பொருத்திய குழாய் வழியாக மருந்து போகிறது. கைகள் சும்மா இருக்கின்றன. மடியில் பிரெயில் தாள்கள். ஒத்துப்பார்க்க ஒருவர் அச்சுப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும். நான் எடுக்கக் கை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துக்கொண்டாள்.
"இலைகள் கமா தண்டு கமா வேர் முற்றுப்புள்ளி..."
"மெதுவாம்மா. பஸ்ஸா கிளம்பப் போகுது?"
மெதுவாக வாசித்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம். முன்பெல்லாம் பத்து.
மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. பின்னால் போனது. திரும்பி வந்தது.
"இங்க ஒரு புள்ளி இல்ல."
எங்கள் இருவருக்கும் பிரெயில் தெரியாது. புள்ளி தாளில்தான் இல்லையா, விரலுக்குத்தான் எட்டவில்லையா? அக்கா என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.
"குறிச்சுக்கிட்டேன்ப்பா. அடுத்த வரி."