கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், முரளி?

என் செல்லத் தம்பி முரளிக்கு,

சத்தம் இப்போதுதான் காதுக்கு எட்டாமல் போனது. அதுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இனி பார்க்க ஒன்றுமில்லை என்றதும் கைப்பையிலிருந்து தாளை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் இருப்பது காஹாங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன விமான ஓடுதளம். ஓரத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. என் மகள், உன் செல்ல மருமகள் தர்ஷினி, ஹெலிகாப்டரில் மேலே போயிருக்கிறாள். நிஜ ஹெலிகாப்டர்டா. பக்கத்தில் பயிற்சியாளர் கேப்டன் அஸ்மான் இருக்கிறார், அவர் பக்கமும் எல்லாப் பிடிகளும் பெடல்களும் உண்டு, அவர் ராணுவத்தில் ஓட்டியவர், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? நெஞ்சு பாட்டுக்கு அடித்துக்கொள்கிறது.

இன்றைக்கு அவள் ஒழுங்காகச் செய்தால் பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்கள். செலவு முழுவதும் பயிற்சி தரும் ஹெலிகாப்டர் நிறுவனத்துடையது. நீ இருந்திருந்தால் நம் கூலாய் ஊர் முழுக்க மோட்டார் சைக்கிளில் சுற்றி எல்லோருக்கும் சொல்லியிருப்பாய். நான் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கிறாயா? அவள் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, சேரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்றே எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் அந்தக் கைப்பிடியால் வந்தது. உனக்கு அது தெரியாது. நீ போன பிறகு நடந்த கதை அது.

நீ பின்னறையில் கட்டிக்கொண்டிருந்ததை நான் 'பொம்மை ஹெலிகாப்டர்' என்று கேலி செய்வேன், நீ முறைப்பாய். சிங்கப்பூர்ப் பட்டறையில் நாளெல்லாம் விமான இருக்கைகளைப் பழுதுபார்த்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் ஓட்டி, புகை குடித்துக் கறுத்த முகத்தோடு வருவாய். குளித்ததும் நேரே பின்னறைதான். பழைய கார் இருக்கை ஒன்று, முழங்கால்களுக்கு நடுவே சாய்க்கும் குச்சி, காலடியில் இரண்டு பெடல், இடப்பக்கம் மேலே இழுத்தால் ஹெலிகாப்டர் ஏறும் இரும்புக் குழாய். கண்ணில் அந்த வி.ஆர். கண்ணாடியை மாட்டி, கணினி காட்டும் வானத்துக்குள் போய்விட்டால் உனக்கு வீடும் இல்லை, அக்காவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இப்ப எறங்கிக்கிட்டு இருக்கேன்" என்பாய்.

அந்தக் குழாயின் நுனி மட்டும் மொட்டையாக இருந்தது. அங்கே முறுக்கும் கைப்பிடி ஒன்று வர வேண்டும், எஞ்சினுக்கு எரிபொருள் கூட்டவும் குறைக்கவும். அடுத்த வாரம் வாங்கணும் என்றாய். அந்த வாரம் நீ இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவனை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் என்னால் கொண்டுபோக முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு தீபாவளி வந்து போனது, நாங்கள் விளக்கு மட்டும் ஏற்றினோம். பின்னறைக் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, தர்ஷினி உன் இருக்கையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்குக் கீழே கன்னமெல்லாம் நனைந்திருந்தது. என்னடி என்றேன். "அம்மா, எனக்கு டேஷ்போர்டுதான் தெரியுது, வானம் பாதிதான் தெரியுது. மாமா ஹைட்டுக்கு செட் பண்ணி வச்சிருக்காரு" என்றாள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கண்ணாடி அவள் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை அழுத்து என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். கூடத்தில் இருந்த மெத்தையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, உன் கண் இருந்த இடத்தில் தன் கண்ணை வைத்தாள். என்னையும் ஒரு தடவை மாட்டிப் பார்க்கச் சொன்னாள். தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை. நீ கடைசியாகப் பார்த்த வானம்தானே அது?

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், மொட்டையாக நிற்கிற குழாயை நானே முடித்துத் தருவதென்று. செனாய் தொழிற்சாலையில் இத்தனை வருஷமாகச் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கிறவள், எனக்கு ஒரு கைப்பிடிக்கு ஒயர் இழுக்கத் தெரியாதா? கூலாய் கடைத்தெருவில் மோட்டார் உதிரிபாகம் விற்கிற சீனர் கடைக்குப் போனேன். முறுக்கும் கைப்பிடி வேண்டும் என்றேன். என்ன மோட்டார் என்று மலாயில் கேட்டார். ஹெலிகாப்டர் என்றேன். "அலமாக்!" என்று வியந்து சிரித்து, கப்சாய் என்கிற சாதாரணச் சின்ன மோட்டாரின் கைப்பிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினேன். ஒயரைப் பற்றவைத்தேன். கணினியோடு இணைத்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு வரும், கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். தர்ஷினி இடக்கையால் கைப்பிடியைத் தன் பக்கமாக முறுக்கினாள். கோடு இறங்கியது. எனக்கு ஒரே எரிச்சல். தலைகீழாக இருக்கிறதே என்று, திசையை மாற்றும் சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். மறுபடி முறுக்கினாள், கோடு ஏறியது. "ஆங், இப்ப சரி" என்றோம் இரண்டு பேரும், ஒரே குரலில்.

சரியாகத்தான் இருந்தது முரளி, நான் டிக் போடுவதற்கு முன்னால்.

தினமும் மோட்டாரில் செனாய்க்குப் போகிறவள் நான். அவளும் கல்லூரிக்கு மோட்டாரில் போகிறவள். தன் பக்கம் முறுக்கினால் வேகம் கூடும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். ஹெலிகாப்டரில் அப்படி இல்லையாம், வெளிப்பக்கம் முறுக்கினால்தான் கூடுமாம். இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? நீ இருந்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாயா, இல்லை நீயும் மோட்டார்க்காரன்தானே, "ஆங், இப்ப சரி" என்றிருப்பாயா?

மாதக்கணக்கில் பழகினாள். கண்ணாடியைப் போட்டால் தன் கையே தெரியாது, கை தானாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நன்றாகவே கற்றுக்கொண்டது. போன முறை இங்கே பேர் கொடுக்க வந்தபோது கேப்டன் அஸ்மான் அவளை நிறுத்தி வைத்திருந்த ஹெலிகாப்டரில் உட்காரச் சொன்னார். கூட்டு என்றார். கண்ணிமைக்கும் நேரத்தில் தன் பக்கம் முறுக்கினாள். அவர் முதலில் சிரித்தார், மோட்டார் ஓட்டுவியா என்று கேட்டார். இன்னொரு தடவை என்றார். மறுபடியும் அதே வேகம், அதே பக்கம். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் எதில் பழகினாள் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னைத் தனியே கூப்பிட்டார். என்னை அவர் 'கக்' என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் வழக்கத்தில் அக்கா. "கக், மோட்டார் ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாருமே இதில் தடுமாறுவார்கள், அது பரவாயில்லை. உங்கள் மகள் தடுமாறவில்லை. யோசிக்காமல், உறுதியாகத் தப்புச் செய்கிறாள். பெரும்பாலான நேரம் எஞ்சின் வேகத்தை ஒரு கருவியே பார்த்துக்கொள்ளும். அது பழுதாகி, தாழப் பறக்கும்போது, கூட்டுவதாக நினைத்துக் குறைத்துவிட்டால், திருத்த எனக்கு நேரம் இருக்காது." அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த டிக்கை எடுத்தேன். ஒரு நொடி வேலை. அவள் கையில் போட்ட டிக்கை எப்படி எடுப்பது?

மோட்டார்ச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "அம்மா, மோட்டார்ல ரைட் ஹேண்ட், இதுல லெஃப்ட் ஹேண்ட். என்னம்மா நீங்க!" என்று கத்தினாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் கொடுக்கவில்லை, காலையில் காரில் நானே கொண்டுபோய் விட்டேன், வேலைக்குத் தாமதமாகிச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். டிவி பார்க்கும்போது அவள் இடக்கையில் சப்பாத்திக் கட்டையைக் கொடுத்து, வெளிப்பக்கம், வெளிப்பக்கம் என்று முறுக்க வைத்தேன். ஒரு நாள் தாங்க முடியாமல், இதெல்லாம் வேண்டாம், விட்டுவிடு என்றேன். "மாமா இருந்தா இப்படிச் சொல்ல விட்டிருப்பாரா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்னொன்று இருக்கிறது முரளி, அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் செய்த ஒரே பாகம் தப்பு என்று தெரிந்துபோயிற்று. நீ செய்த மற்ற பாகங்கள்? நீயும் கடைசிவரை நிஜ ஹெலிகாப்டரில் விமானி இருக்கையில் உட்கார்ந்தவன் இல்லையே. பெடலுக்குச் சரியான எடை வைத்தாயா? குச்சி சரியான அளவுக்குத்தான் சாய்கிறதா? உன்மேல் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. கேட்டுத் தெரிந்துகொள்ள நீ இல்லை, அதுதான் என் கோபம். நாற்பத்து மூன்று வயதில் போய்ச்சேர என்னடா அவசரம் உனக்கு?

க்ளுவாங் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. கொட்டகைப் பையனிடம் எப்போது திரும்புவார்கள் என்று கேட்டேன், "வந்துருவாங்க ஆண்ட்டி, பயப்படாதீங்க லா" என்கிறான். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடுகிறது.

சத்தம் கேட்கிறது. வைக்கிறேன்.

*

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஹெலிகாப்டர் தரையிறங்கியதும் ஓடிப்போக முடியவில்லை, மேலே விசிறி நிற்கும் வரை தரையில் போட்ட கோட்டைத் தாண்டக்கூடாதாம். முதலில் இறங்கியவர் கேப்டன். முகத்தில் சிரிப்பு இல்லை. தர்ஷினி தலைக்கவசத்தைக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"கக், இரண்டு தடவை கை தப்பான பக்கம் போகப் பார்த்தது" என்றார். "இரண்டு தடவையும் தானே நிறுத்திக்கொண்டாள். முறுக்கவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கேப்டன் என்று என்னைக் கேட்டாள். அன்றைக்கு அவள் உறுதியைப் பார்த்துத்தான் பயந்தேன். இன்றைக்குச் சந்தேகப்படத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். நான் கற்றுக்கொடுக்கிறேன்." அடுத்த மாதம் வகுப்பு ஆரம்பமாம். அதுவரை வீட்டில் அந்தக் கைப்பிடியை மட்டும் தொட வேண்டாம் என்றார்.

மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டேன். கால், வலக்கை, அதெல்லாம்? அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. "அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹெலிகாப்டரை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்துவது முதல் நாளில் யாருக்கும் வராது. இவள் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டினாள். அந்தப் பெடலும் குச்சியும் செய்தது யார்?"

என் தம்பி, என்றேன்.

"நல்ல கை. ஒரு நாள் அவரையும் கூட்டி வாருங்கள் கக், நான் பார்க்க வேண்டும்."

அவருக்குத் தெரியாது, பாவம். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "சரி கேப்டன், சொல்றேன்" என்றுவிட்டேன்.

காரில் க்ளுவாங்கைத் தாண்டினோம். அப்போது தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மாமா செஞ்சது எல்லாமே கரெக்டும்மா. நீங்க வச்சது ஒண்ணுதான் தலைகீழு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுகை வந்தது, சாலை தெரியாமல் போய் ஓரமாக வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையது மட்டும்தான் என்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அவள் போவாள் முரளி. இனி நான் விடு என்று சொல்ல மாட்டேன், இது சத்தியம். பயப்படாமல் இருக்கிறேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே, அது என்னால் ஆகாது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தகரக் கொட்டகைக்கு வருவேன், சத்தம் போய்த் திரும்பும் வரை பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், அவள் இறங்கிய பிறகு உன்னிடம் வந்து சொல்வேன்.

கேப்டன் உன்னைப் பார்க்க வேண்டுமாம். சொல்றேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இதோ, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கைப்பிடியைத் தலைகீழாக வைத்த உன் அக்கா,
சாந்தி